பின்னாலிருந்து கூப்பிட வேண்டாம்

அன்று சாயங்காலம் கேன்டீனில் இருந்தவர்கள் நான்கு பேர். கரும்பலகைக்குப் பக்கத்தில், டீ ஊற்றுகிறவருடைய முக்காலியில், ஏற்றுமதிப் பிரிவில் கடிதங்களைக் கவனிக்கும் தாட்சாயிணி. அவளுக்கு எதிரே முதல் பெஞ்சின் இடது கோடியில், சுவரை ஒட்டி, ஃபிட்டர் திருவேங்கடம். அவருக்கு வலப்பக்கம் இளைய ஃபிட்டர் வேம்புலி. இருவருக்கும் பின்னால், ஜன்னலோர மேஜையில் டீயும் பிஸ்கட்டுமாக மேனேஜர் இராமகிருஷ்ணன். மற்ற பெஞ்சுகள் காலி. முதல் ஷிஃப்ட் விட்டுக் கம்பெனி பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

கரும்பலகையில் மத்தியானம் எழுதிய 'எலுமிச்சை சாதம், அப்பளம்' அழிக்கப்படாமல் இருந்தது. அதை அழிக்கக்கூடத் தாட்சாயிணிக்குக் கை எழவில்லை. அதன் கீழேயே ஸ்பானிஷ் வார்த்தைகளை எழுத ஆரம்பித்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் செய்யும் சின்னக் கம்பெனி அது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் அதற்கு ஈக்வடார் நாட்டிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அங்கே மீன் அடைக்கும் டின்களுக்கு மூடி தட்டுகிற கம்பெனி ஒன்று ஆறு பிரஸ்கள் கேட்டிருந்தது. மெஷின்களோடு ஒரு ஃபிட்டரும் போய், அவற்றை நிறுத்தி, ஓட்டுகிறவர்களுக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லுமளவுக்காவது அந்த ஃபிட்டருக்கு ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டும். இது ஆர்டரோடு வந்த நிபந்தனை.

இன்னொன்றும் இருந்தது. இந்த ஆர்டர் முடிந்ததும் அசெம்பிளி செக்‌ஷனை மூடப்போகிறார்கள். அதில் மிச்சமிருந்தவர்கள் திருவேங்கடமும் வேம்புலியும்தான். ஈக்வடார் போய் வருகிறவருக்கு சர்வீஸ் பிரிவில் நிரந்தரமாக இடம். மற்றவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். வேம்புலி இன்னும் முப்பதைத் தொடவில்லை. திருவேங்கடத்துக்கு நாற்பத்தேழு. அந்த வயதில் எஸ்டேட்டில் எந்த கேட்டில் போய் நின்றாலும் வாட்ச்மேன் வேலை இருக்கிறதா என்று கேட்க வந்தவராகத்தான் பார்ப்பார்கள்.

"இன்னிக்கு, வேண்டாம்னு சொல்றது எப்படின்னு பாக்கலாம்" என்றாள் தாட்சாயிணி. "மூடுறதுக்கு செர்ரார். ஆனா 'மூடாதீங்க'ன்னு சொல்லும்போது நடுவுல இருக்கிற சத்தம் உடைஞ்சு விரியும். 'செர்'னு இருந்தது 'சியெர்'னு ஆயிடும். கடைசி எழுத்தும் மாறும். நோ சியெர்ரே. எங்க, சொல்லுங்க."

"நோ சியெர்ரே" என்றான் வேம்புலி. "மேடம், எனக்கு ஒரு டவுட்டு. மூடாதடான்னு சொல்றதுக்குள்ள வயிறும் மாறுது, வாலும் மாறுது. அதுக்குள்ளாற அவன் மூடிட்டு ஊட்டுக்குப் பூட்டான்னா?"

"அதனாலதான் இப்பவே பழகிக்கணும். நகர்த்துறதுக்கு மொவேர். நகர்த்தாதீங்கன்னா நோ முவேவா. மோட்டார் போடுறதுக்கு என்செந்தேர். போடாதீங்கன்னா நோ என்சியெந்தா. தூங்காதீங்க, நோ சே துவெர்மா."

"இந்தக் கடைசிய மொதல்ல நம்ம ஸ்டோர்ஸ் கீப்பருக்குச் சொல்லணும்."

தாட்சாயிணிக்குச் சிரிப்பு வந்தது. அதைச் சிரித்து முடிக்கத் தெம்பு வரவில்லை. பருத்திப்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பகல் முழுக்க டைப் அடித்து, அதற்கு மேல் இது. கணவன் ஆனந்தனுக்கு ஆவடியில் இரவு ஷிஃப்ட். அவள் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில் அவன் பஸ் ஏறக் காத்திருப்பான். வீட்டுச் சாவியைக் கைமாற்றிக்கொள்வதுதான் அந்த வாரம் முழுக்க அவர்கள் நடத்திய குடித்தனம்.

கடிதம் எழுதுவதற்காக மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படித்தவள் அவள். பள்ளிப்பட்டில் பத்தாவது படிக்கும்போதே இடம், நாள், பொருள் என்று வரிசை தப்பாமல் கடிதம் எழுதிப் பெயர் வாங்கியவள். சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு அவள் ஆசைப்பட்டதே இல்லை.

"திருவேங்கடம், 'மேஜையை நகர்த்தாதீங்க'. இதுக்கு நீ சொல்லு பாக்கலாம்" என்று மேனேஜர் பின்னாலிருந்து கேட்டார்.

திருவேங்கடம் கரும்பலகையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். பெஞ்சுக்கடியில் வேம்புலி அவர் முழங்காலில் தட்டினான். அவர் நிமிர்ந்து, தாட்சாயிணியின் முகத்தைத் தேடி, "நோ சியெர்ரே" என்றார்.

"அது மூடாதீங்க" என்றாள் தாட்சாயிணி.

அவர் புரிந்ததுபோலத் தலையை ஆட்டினார். மூன்று வாரமாக அவர் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தார். சொல்வதெல்லாம் ஏறுகிறது என்று முதல் வாரம் அவள் சந்தோஷப்பட்டது இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

ஃபிட்டர்கள் இருவரும் கிளம்பிப் போனபின் மேனேஜர் டம்ளரைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். "பாத்தியாம்மா? வேலைக்காரன்தான், இல்லேங்கல. ஆனா மண்டையில ஏறல. வெள்ளிக்கிழமை முடிவு பண்ணி லெட்டர் அனுப்பிடலாம். வேம்புலி பேரையே போட்டுடுவோம்."

"வேம்புலிக்கு டை கட்டத் தெரியுமா சார்?" தகட்டை வெட்டும் அச்சை மெஷினில் பொருத்துவதற்கு ஷாப்பில் அப்படித்தான் பெயர்.

"சுமாரா தெரியும். பேசத் தெரியுதே."

மறுநாள் காலை ஷாப்பில் ஒரே ரகளை. ஈக்வடாருக்குப் போகவேண்டிய மெஷின்களில் முதலாவதை ஓட்டிப்பார்க்க வேண்டும். அது அசையமாட்டேன் என்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து போர்டைத் திறந்தால் ஃபியூஸ் கட்டை ஒன்றைக் காணோம். மேனேஜர் கையை உதறிக்கொண்டு கத்துகிற நேரம் திருவேங்கடம் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நிலைமையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் டிபன் பையைத் திறந்து, சோற்று டப்பாவுக்கும் ஊறுகாய்க்கும் நடுவிலிருந்து வெள்ளைப் பீங்கான் கட்டையை எடுத்து நீட்டினார்.

"நேத்து டை கட்டசொல்லப் புடுங்கி ஜோபில போட்டேன் சார். கிளாசுக்கு டைமாச்சின்னு அப்டியே வந்துட்டேன். சட்டைய தொவைக்கப் போட்டுகினு, இன்னாய்யா இது கல்லாட்டம் கீதுன்னு எம் பொஞ்சாதி நாகம்மாதான் எடுத்துக் குடுத்தா."

"கம்பெனி ஃபியூஸை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஊறுகாயோட வச்சிருக்கான் பாருய்யா!" என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

தாட்சாயிணி திருவேங்கடத்திடம் பேசவேண்டும் என்றுதான் ஷாப்பிற்கு வந்திருந்தாள். மெஷின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அவர் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். "அண்ணே" என்றாள். திரும்பவில்லை. இன்னும் கிட்டப் போய், "திருவேங்கடம் அண்ணே!" என்று சத்தமாகவே கூப்பிட்டாள். போல்ட்டைத் துடைக்கும் அவர் கை நிற்கவில்லை.

"மேடம், அந்தாண்ட நின்னுகினு கூப்ட்டா பொழுது சாய்ற வரைக்கும் கூப்ட்டுகினு இருக்க வேண்டியதுதான்" என்றான் மெஷினின் மறுபக்கமிருந்து வேம்புலி. "இந்தாண்ட வாங்க. வலது காதுல பாதி கீது. இடது காது சுத்தமா அவுட்டு."

அவளுக்கு அந்த மூன்று வாரமும் வேறொரு வெளிச்சத்தில் தெரிந்தது. சுவரை ஒட்டிய அந்த இடம். அவள் வாயையே பார்க்கிற கண். முழங்காலில் தட்டு. எழுதிக் கேட்டால் எழுதினார்; சொல்லிக் கேட்டால் உளறினார். சியெர்ரேயும் முவேவாவும் அவர் காதில் ஒரே இரைச்சலாகத்தான் விழுந்திருக்கும்.

திருவேங்கடம் அதற்குள் திரும்பியிருந்தார். அவர்கள் இருவர் முகத்தையும் பார்த்ததும் விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"சார்கிட்ட சொல்லாதம்மா" என்றார். "காது போச்சின்னு தெரிஞ்சா வெளிநாடு இன்னா, கேட்டுக்குள்ளயே வுடமாட்டாங்க."

"எத்தனை வருஷமா அண்ணே?"

"கொஞ்சம் கொஞ்சமா போச்சி. பிரஸ் ஷாப்புல இருவத்தஞ்சு வருசம் நின்னவனுக்கு காது எங்க இருக்கும்?"

அவள் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. ஆபீசுக்குத் திரும்பி டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தாள். காது கேட்கவில்லை என்று மேனேஜரிடம் சொன்னால் அவருக்கு இடம் போகும். சொல்லாவிட்டால் மண்டையில் ஏறாதவர் என்று போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. முடிவெடுக்கும் முன் ஒரு பரீட்சையை ஷாப்பில், எல்லா மெஷினும் ஓடும்போது வைக்கச் சொல்லலாம். அந்த இரைச்சலில் எல்லாருமே செவிடர்கள்; உதட்டைப் பார்த்தே பழகிய அவர் ஜெயித்துவிடுவார். மேனேஜரிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று வார்த்தைகூட ஓடியது அவளுக்கு.

சாயங்காலம் பஸ்ஸில் அந்த வழியும் அடைபட்டது. நல்ல கூட்டம். படிக்கட்டில் தொங்கியவர்களில் யாரோ, "கியரப் போடாதய்யா, ஏறிக்கினு கீறாங்க!" என்று கத்தினார். டிரைவர் காலை எடுத்தார். ஒரு கிழவியம்மா கூடையும் தானுமாக ஏறினாள். பஸ் நகர்ந்தது. இதில் யாருக்கும் ஒரு விசேஷமும் தெரியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றிருந்த தாட்சாயிணிக்கு மட்டும் அந்தக் குரல் காதில் நின்றது. அவர் என்ன சொல்வார் என்பதைத்தான் அவள் இத்தனை நாளும் சொல்லிக்கொடுத்தாள். அவரிடம் யாராவது சொன்னால்? பிரஸ்ஸுக்குள் கையை விட்டிருக்கிற அந்த ஊர்க்காரன் ஒருவன், பின்னாலிருந்து, நோ என்சியெந்தா என்று கத்தினால்?

மறுநாள் வகுப்பிற்கு மேனேஜர் வரவில்லை. அவள் முக்காலியை இழுத்துக்கொண்டு போய் திருவேங்கடத்தின் வலப்பக்கம் போட்டாள். வேம்புலி எழுந்து இடம் விட்டான். பஸ்ஸில் தோன்றியதை அவள் கேட்டாள்.

"இங்க மட்டும் யாரும்மா கத்தறான்?" என்றார் திருவேங்கடம். "கைய உள்ள வெக்கிறவன் பீஸு கட்டைய புடுங்கி ஜோபில போட்டுகினுதான் வெப்பான். வேலை முடிஞ்சி அவனே சொருகுவான். போடாதேன்னு வாயால சொல்லிட்டு எந்த மடையன் கைய வுடுவான்? அதனாலதான் பத்து வெரலும் கீது, பாரு." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"உங்களுக்கு இருக்கு. அந்த ஊர்ல இந்தப் பழக்கம் இருக்குமான்னு யாருக்குத் தெரியும்? அவங்க சத்தம் போட்டுச் சொல்லிட்டுக் கைய விடுறவங்களா இருந்தா? நீங்க ஸ்விட்ச் பக்கத்துல நிக்கிறீங்க. உங்களுக்குக் கேக்கல."

அவர் விரித்த கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம், இதெல்லாம் ரொம்ப ஓவரு" என்றான் வேம்புலி. "அவரு இங்க எத்தினி பேரு வெரல நசுக்கிட்டாரு? ஒண்ணு காட்டுங்க."

"நீ சும்மா கீறியா" என்றார் திருவேங்கடம். கொஞ்ச நேரம் கரும்பலகையைப் பார்த்தார். அன்றைக்கு அதில் 'தக்காளி சாதம்' இருந்தது. "அப்ப நான் போவக் கூடாதுன்ற."

"அப்படிச் சொல்லல அண்ணே. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நல்லா கேக்கும்னு மட்டும் என்னால எழுத முடியாது. அங்க ஒருத்தன் கை போச்சுன்னா, அந்த லெட்டர் என் டைப்ரைட்டர்ல அடிச்சதா இருக்கும்."

"அதுவும் நாயந்தான்." எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "யாரும் யார்கிட்டயும் சொல்ல வாணாம். நாளிக்கு நானே சொல்லிக்கறேன்."

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையில் மூன்று பேரும் நின்றார்கள். திருவேங்கடம் மேஜையைச் சுற்றிப் போய், வலது காது மேனேஜர் பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டு, சுருக்கமாகச் சொன்னார். இடது காது இல்லை. வலது காது பாதி. பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்காது.

இராமகிருஷ்ணன் பேனாவை வைத்தார். "இத்தனை நாள் ஏன்யா சொல்லல?"

"சொன்னா வெச்சிக்கினு இருந்திருப்பீங்களா சார்?"

மேனேஜர் வேம்புலி பக்கம் திரும்பினார். "நீ போறியா?"

"போறேன் சார்" என்றான் வேம்புலி உடனே. திருவேங்கடத்தின் பக்கம் அவன் பார்க்கவில்லை. "எனக்கும் வேலை வேணும்ல சார்."

யாரும் அவனைத் தப்பாக நினைக்கவில்லை. திருவேங்கடம்கூடத் தலையை ஆட்டினார். இந்த முறை கேட்டுத்தான் ஆட்டினார்.

"ஆறு மெஷினையும் தனியா நிறுத்தி டை கட்டிடுவியா?" என்று மேனேஜர் கேட்டார்.

வேம்புலி வாயைத் திறந்து மூடினான். "சின்ன மெஷினுன்னா கட்டுவேன். இது அண்ணாத்தே பக்கத்துல நின்னா..." என்று இழுத்தான்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து விசிறியைப் பார்த்தார். ஓய்வு பெற அவருக்கும் அதிக நாள் இல்லை. இப்படி ஒரு முடிவை எடுக்கும் இடத்தில் அவரை வேறு யாரோ உட்காரவைத்தார்களே தவிர, அவராக வந்து உட்காரவில்லை. "ரெண்டு பேரையும் பத்தி எழுதி, அவங்களையே முடிவு பண்ணச் சொன்னா என்னம்மா?"

"நமக்கே தெரியலன்னு நினைச்சு ஆர்டரை நிறுத்திடுவாங்க சார்" என்றாள் தாட்சாயிணி. "ஒரு பேரு எழுதணும். அந்தப் பேரைப் பத்தி உள்ளதை எழுதணும்."

இராமகிருஷ்ணன் பேனாவை மறுபடி எடுத்தார்.

"கடைசில மெஷின் ஓடணும்" என்றார் மேனேஜர். "திருவேங்கடம்னே போடு. காதையும் எழுது. அவங்க வேணாம்னா அது அவங்க பாடு."

வெளியே வந்ததும் வேம்புலி வராந்தாக் கம்பத்தில் சாய்ந்தான். "மூணு வாரமா முட்டிய தட்டித் தட்டிப் பாடம் சொல்லிக் குடுத்தேன் பாரு, என்னியச் சொல்லணும்" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "பாடில ஒரு கம்பெனில ஆள் எடுக்கறானாம், அண்ணாத்தே. நாளிக்குப் போயி பாக்கறேன்."

"நானும் வரட்டா? அந்த போர்மேன் தெரிஞ்சவன்" என்றார் திருவேங்கடம்.

"நீ வந்து இன்னா பண்ணுவ? அவன் கேக்கறது உனக்குக் கேக்காது." பிறகு, "வா, வா. வந்து சும்மா நில்லு. பெரிய மனுசன் ஒருத்தன் கூட நின்னா நல்லதுதான்" என்றான்.

தாட்சாயிணி கடிதத்தைத் தமிழில் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு ஸ்பானிஷில் அடித்தாள். முதலில் ஆள் யார், எத்தனை வருஷ அனுபவம். அடுத்து காது; சொல்ல வேண்டியதை ஸ்பானிஷில் எழுதிக் காட்டுவார் என்பதும். அதற்கடுத்து, இந்தப் பட்டறையில் கையை உள்ளே வைக்கிறவர் ஃபியூஸ் கட்டையைத் தம்மோடு வைத்துக்கொள்வார் என்பது. அங்கேயும் எல்லாரும் அப்படியே செய்யவேண்டும் என்பது. பிறகு வேண்டாம் என்பவை வந்தன. அவரைப் பின்னாலிருந்து கூப்பிட வேண்டாம், எதிரே வந்து நின்று பேசவும். கட்டை அவர் பையில் இருக்கும்போது வேறொன்றைக் கொண்டுவந்து செருக வேண்டாம். சத்தம் போட்டுச் சொன்னதை மட்டும் நம்பி யாரும் கையை உள்ளே வைக்க வேண்டாம். கேன்டீனில் சொல்லிக்கொடுத்த உடையும் சத்தங்களெல்லாம் அவள் விரலுக்கடியில் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆனால் அவை இப்போது ஈக்வடார்க்காரர்களைப் பார்த்துப் பேசின.

அடித்ததை மேனேஜருக்குத் தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்டினாள். திருவேங்கடத்தையும் கூப்பிட்டு, தன் இடப்பக்கம் நிறுத்திக்கொண்டுதான் படித்தாள்.

"இத்தனை 'வேண்டாம்' போட்டு எழுதினா, மெஷின் வாங்கறவன் நம்மள என்னம்மா நினைப்பான்?" என்றார் மேனேஜர்.

"மூணு வாரம் அதைத்தானே சார் படிச்சோம்."

அவர் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "அவங்க வேணாம்னு எழுதிட்டா, திருவேங்கடம்?"

"எழுதினா எழுதட்டும் சார். வாட்ச்மேன் வேலைக்காச்சும் காது வேணுமே, அதுதான் ரோசனை." அதைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பின்பு தாட்சாயிணியிடம், "பதில் எப்பம்மா வரும்?" என்றார்.

"தெரியல அண்ணே. போகவே ரெண்டு வாரம் ஆகும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, ஓட்டிப்பார்க்க வேண்டிய இரண்டாவது மெஷினைப் பார்க்கப் போனார்.

போஸ்ட் ஆபீஸ் மூடுவதற்குள் போகவேண்டும். கடிதத்தை மூன்றாக மடித்து, நீலமும் சிவப்பும் கோடு போட்ட உறையில் வைத்து, கோந்து தடவி, டைப்ரைட்டரின் ரப்பர் மூடியை மேலே வைத்துச் சற்று அழுத்திப் பிடித்தாள். பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் கூப்பிடாததால் கொஞ்ச நேரம் அப்படியே இருக்க முடிந்தது.

கவுண்டரில் இருந்த பொன்னியம்மா உறையைத் திருப்பிப் பார்த்து, "இது எங்கம்மா கீது, இந்த ஊரு?" என்று கேட்டாள்.

"ரொம்ப தூரம்."

"வெயிட்டு தாண்டலை" என்று சொல்லித் தராசிலிருந்து எடுத்து, ரிஜிஸ்தர் சீட்டு ஒட்டி, முத்திரையை இரண்டு முறை ஓங்கிக் குத்தி, பின்னாலிருந்த பையில் போட்டாள்.